பழைய காரில் பேஸ் இறங்கிவிட்டதா? ஊஃபர் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

அம்பத்தூரில் கார் ஸ்டீரியோ வேலை பார்க்கிறேன். புது செட் மாட்டுவதைவிடப் பழைய செட்டைத் தேற்றிக் கொடுப்பதில்தான் எனக்கு ஆசை. பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பாட்டு கேக்குது, ஆனா பேஸே இல்லண்ணே. பேசாம ஒரு ஊஃபர் போட்டுடுங்க." நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "கடைசியா இந்த வண்டில யாரு, எதுக்காகக் கை வெச்சாங்க?"

பதிலில் பெரும்பாலும் விஷயம் இருக்கும். பேட்டரி மாற்றினார்கள், பவர் விண்டோ மோட்டார் போய்க் கதவைத் திறந்தார்கள், டிங்கரிங் பெயின்டிங் நடந்தது, கேஸ் கிட் மாட்டினார்கள், டெக்கை, அதாவது டேஷ்போர்டில் இருக்கும் பாட்டு செட்டை, மாற்றினார்கள். பேஸ் தானாகத் தேய்ந்து போவதும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் வேறு ஏதோ வேலைக்காக யாரோ கை வைத்த நாளில் போனதுதான் அதிகம். அப்படிப் போனதைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய செலவு ஆகாது. ஒரு மாலைப் பொழுதும், ஒரு மல்டிமீட்டரும், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டும் போதும்.

ஏன் பேஸ் மட்டும் முதலில் போகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், அதே நேரத்தில் பின்பக்கக் காற்று இளகும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் கழிந்துவிடும். 5,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 5,000 அதிர்வு உள்ள கூரிய ஒலியின் அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டர்தான். அது கோனிலிருந்து கிளம்பி நேராக நம் காதுக்கு வந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் அப்படி இல்லை. அதன் அலைநீளம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மீட்டர், ஒரு ஸ்விஃப்ட் காரைவிட நீளம். எந்த ஓட்டை, எந்த இடைவெளி இருந்தாலும் அது வளைந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் கதவுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தாலும், ஒரு வயர் மாறினாலும் பாடகர் குரலுக்கு ஒன்றும் ஆகாது, பேஸ் மட்டும் காணாமல் போகும்.

முதலில் காதைத் தயார்செய்யுங்கள்

உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை யுஎஸ்பி டிரைவில் போட்டு வையுங்கள். கடைசிவரை அதே பாட்டு, அதே வால்யூம். ப்ளூடூத் வேண்டாம். போனில் ஒரு வால்யூம், செட்டில் ஒரு வால்யூம், போனுக்குள் ஒரு ஈக்வலைசர் என்று மூன்று இடத்தில் மாறும். என் கை வசம் எப்போதும் ஒரு மிருதங்கப் பதிவு இருக்கும். தொப்பியில் கை விழும்போது வரும் அந்த 'தொம்' முழுசாக வருகிறதா, வெறும் 'தப்' என்று நிற்கிறதா என்பதைக் கேட்டாலே நிலைமை புரிந்துவிடும். கூடவே 50, 80, 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும். டோன் போடும்போது சத்தம் குறைவாக இருக்கட்டும். பாட்டில் அடி விழுந்து விழுந்து ஓயும். டோன் இடைவிடாமல் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளை, சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஓடும் காரில் டயர் சத்தமும் எஞ்சின் சத்தமும் அடிமட்ட ஒலிகளில்தான் இருக்கின்றன, பேஸை அவை மூடிவிடும். டயர் தேய்ந்து இரைச்சல் கூடிய வண்டியில் "முன்ன இருந்த பேஸ் இப்ப இல்ல" என்று தோன்றுவதற்கு அதுவே போதும். நிறுத்திய வண்டியில் நன்றாகக் கேட்டு, ஓடும்போது மட்டும் குறைந்தால் ஸ்டீரியோவைத் தொடவே வேண்டாம்.

செட்டிங்கில் ஒளிந்திருக்கும் கோளாறு

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல செட்கள் பழைய செட்டிங் எல்லாவற்றையும் மறந்துவிடும். லவுட்னஸ் அணைந்திருக்கும், ஈக்வலைசர் சமமாக நிற்கும், ஊஃபர் லெவல் பூஜ்ஜியத்துக்கு வந்திருக்கும். லவுட்னஸ் என்பதைச் சும்மா ஒரு பட்டன் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடிமட்ட ஒலி மற்ற ஒலிகளைவிட வேகமாக மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட அடிமட்ட ஒலியை ஏற்றித் தருவதுதான் லவுட்னஸ். குறைந்த வால்யூமில் பாட்டு கேட்கும் பழக்கம் உள்ளவருக்கு லவுட்னஸ் அணைந்தால் பேஸ் பாதியாகப் போன மாதிரி இருக்கும்.

அடுத்தது எச்.பி.எஃப். என்று மெனுவில் இருக்கும் ஹை பாஸ் ஃபில்டர். கால் டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைப்பதற்காக ஊஃபர் பெட்டியை எடுத்துவிட்டார்கள். "ஊஃபர் போனதால பேஸ் குறையும்னு தெரியும்ணே, ஆனா இவ்வளவா?" என்று கேட்டார். மெனுவில் எச்.பி.எஃப். 120 ஹெர்ட்ஸில் நின்றது. ஊஃபர் இருந்த காலத்தில், கதவு ஸ்பீக்கருக்கு அடிமட்ட ஒலி போக வேண்டாம் என்று சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஊஃபர் போன பிறகு அதை யாரும் நீக்கவில்லை. அணைத்ததும் கதவு ஸ்பீக்கர்களில் பேஸ் வந்துவிட்டது. ஊஃபர் அளவுக்கு இல்லை, ஆனால் பாட்டு பாட்டாகக் கேட்டது.

ஊஃபர் இருக்கும் காரில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ஊஃபருக்குப் பவர் ஏற்றித் தரும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப், டிக்கியில் கிடக்கும். அதன் பக்கவாட்டில் எல்.பி.எஃப். (லோ பாஸ் ஃபில்டர், அடிமட்ட ஒலியை மட்டும் விடுவது), எச்.பி.எஃப். என்று ஒரு சின்ன தள்ளு சுவிட்ச் இருக்கும். சூட்கேஸ் இடித்து அது எச்.பி.எஃப். பக்கம் நகர்ந்துவிட்டால் ஊஃபருக்கு வேண்டிய ஒலி எதுவும் போகாது. எல்.பி.எஃப். பக்கம் தள்ளி, திருகை 80 ஹெர்ட்ஸ் வாக்கில் வையுங்கள். செட் மெனுவில் 'சப் ஃபேஸ்' என்று நார்மல், ரிவர்ஸ் இரண்டு இருந்தால் இரண்டையும் மாற்றிக் கேட்டு, டிரைவர் சீட்டில் எதில் அதிகம் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

ஆக்ஸ் கேபிளில் கேட்கிறவர்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பேஸும் இல்லை, பாடகர் குரலும் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது, வயலினும் எக்கோவும் மட்டும் பெரிதாகக் கேட்கிறது என்றால் கேபிளின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. இடது, வலது இரண்டிலும் சமமாக இருப்பவை கழிந்து, வித்தியாசமாக இருப்பவை மட்டும் வெளியே வருகின்றன. குரலும் பேஸும் பெரும்பாலும் நடுவில்தான் பதிவாகின்றன, அதனால் அவை இரண்டும் சேர்ந்தே போகும். ஜாக்கை அசைத்துப் பார்த்து, கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

பிளஸ், மைனஸ்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருந்தால், இடது கோன் முன்னால் வரும்போது வலது கோன் பின்னால் போகும். இரண்டு பேர் ஒரே கதவை எதிரெதிரே நின்று தள்ளுவது போலத்தான். ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கும், வயர் நன்றாக இருக்கும், செட்டும் நன்றாக இருக்கும். பேஸ் மட்டும் இருக்காது.

சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். செட் மெனுவில் முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிப்பது ஃபேடர், இடது, வலதுக்குப் பிரிப்பது பேலன்ஸ். ஃபேடரை முன்பக்கம் முழுக்கத் தள்ளுங்கள். பேலன்ஸை இடது பக்கம் மட்டும் வைத்துக் கேளுங்கள், பிறகு வலது மட்டும், பிறகு நடுவில். நடுவில் வைக்கும்போது பேஸ் அதிகமாக வேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டதைவிடக் குறைந்தால் ஒன்று தலைகீழாக இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். பின்பக்கத்துக்கும் இதே மாதிரி. பிறகு பேலன்ஸை நடுவில் விட்டு, ஃபேடரை முன், பின், நடு என்று மாற்றுங்கள். முன் ஜோடி தனக்குள் சரி, பின் ஜோடி தனக்குள் சரி, ஆனால் இரண்டும் சேர்ந்தால் பேஸ் குறைகிறது என்றால் ஒரு ஜோடி மொத்தமும் மற்ற ஜோடிக்கு எதிராக இருக்கிறது. டெக் மாற்றிய வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

எது தலைகீழ் என்று கண்டுபிடிக்க ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். செட்டின் பின்பக்கக் கப்ளரை, அதாவது வயர்கள் சேர்ந்து வரும் பிளக்கை, கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். செட்டோடு இணைப்பில் இருக்கும்போது பேட்டரி கொடுத்தால் உள்ளே இருக்கும் ஆம்ப் ஐசிக்கு ஆபத்து. கப்ளரில் அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களில், பிளஸ் என்று நினைப்பதில் பேட்டரியின் பிளஸ், மற்றதில் மைனஸ். ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் தலைகீழ். ஸ்பீக்கரை மூடியிருக்கும் ஜாலியை (ஓட்டை போட்ட மூடி) எடுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் அசைவு தெளிவாகத் தெரியும். கூட ஒருவர் இருந்தால் நல்லது. கூரிய ஒலிக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு இப்படி நேராகப் பேட்டரி கொடுக்கக் கூடாது.

வெளியில் வாங்கி மாட்டும் செட்களின் வயர் நிறங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது மைனஸ். ஆனால் காரோடு கம்பெனியில் வந்த வயரிங்கில் நிறங்கள் வேறு, வண்டிக்கு வண்டி மாறும். இந்த இரண்டும் சேரும் ஜாயின்ட்டில்தான் தப்பு நடக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் பெரும்பாலும் அகலமான தகட்டு முனை பிளஸ், குறுகியது மைனஸ்.

ஜாயின்ட்டைத் திறந்த கையோடு அதைச் சரியாகவும் போட்டுவிடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், நம் ஊர் வெயிலில் டேப் பசை இளகி, வயர் பச்சை பூத்து நிற்கும். சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிட்டால் வண்டி இருக்கும் வரை இருக்கும். எலி கடித்த வயர் அகப்பட்டால் அதை ஒட்டுப்போட வேண்டாம், அந்தத் துண்டையே மாற்றுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கேசட் காலத்து வழக்கத்தில் ஸ்பீக்கர் மைனஸைக் கொண்டுபோய் பாடி எர்த்தில் சேர்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய செட்களில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரிலுமே பவர் வருகிறது. பாடியில் தொட்டால் ஐசி போய்விடும்.

கதவைத் திறந்து பாருங்கள்

பிளஸ் மைனஸ் சரியென்றால் அடுத்தது கதவு. டோர் பேடுக்குப் பின்னால், கதவு இரும்பின் பெரிய ஓட்டைகளை மூடிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். மழைத் தண்ணீரைத் தடுக்கத்தான் கம்பெனியில் போடுகிறார்கள், ஆனால் ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்றை உள்ளே நிறுத்தி வைப்பதும் ஓரளவு அதுதான். பவர் விண்டோ வேலைக்கு வரும் மெக்கானிக் அதைக் கிழித்துத்தான் கை விடுவார். திரும்ப ஒட்டாமல் டோர் பேடை மாட்டிவிடுவார். கண்ணாடி ஏறும், இறங்கும், வேலை முடிந்தது. பேஸ் போனது ஒரு வாரம் கழித்துத்தான் நமக்கு உறைக்கும்.

டோர் பேடைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் பேட்டரி எடுத்து மாட்டியதும் ரேடியோ கோட் கேட்கும், கார்டு கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொட வேண்டாம். கைப்பிடிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்த பிறகே கிளிப்பை இழுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப் நாலைந்து உடையத்தான் செய்யும். வேலைக்கு முன்பே ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள்.

பேடு இல்லாமல், பேட்டரியைத் திரும்பக் கொடுத்து 80 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாகப் போடுங்கள். தடித்த அட்டை ஒன்றால் அந்தப் பெரிய ஓட்டையை அழுத்தி மூடுங்கள், எடுங்கள், மூடுங்கள். மூடும்போதெல்லாம் ஒலி தடிக்கும், எடுத்தால் மெலியும். ஒரு 2009 ஸ்விஃப்ட்டின் முன் கதவில், வண்டிக்காரரான ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்து காட்டினேன். அட்டையைத் தானே வாங்கித் திரும்பத் திரும்ப மூடிப் பார்த்துவிட்டு, "அப்போ ஸ்பீக்கர் மேல தப்பே இல்லையா தம்பி?" என்று கேட்டார். இல்லை சார், அது பாவம், நன்றாகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது.

மூடுவதற்கு பியூட்டைல் ஒட்டோடு வரும் டாம்பிங் ஷீட் சிறந்தது. அலுமினியத் தாள் மேலே, கறுப்புப் பசை கீழே இருக்கும். பெரிய ஓட்டையின் மேல் அது தொய்ந்துவிடும் என்பதால், முதலில் மெல்லிய அலுமினியத் தகடோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ வெட்டி வைத்து, அதன் மேல் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். பழைய பசையையும் தூசியையும் தின்னர் தொட்ட துணியால் துடைக்காமல் எதையும் ஒட்டாதீர்கள். கையில் காசு குறைவென்றால் கம்பெனி பிளாஸ்டிக் ஷீட்டையே பியூட்டைல் டேப் வைத்துச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அதற்கே வித்தியாசம் தெரியும். கதவின் அடிப்பக்கம் இருக்கும் சின்னத் தண்ணீர் ஓட்டைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிக் கதவு கீழிருந்து துருப்பிடிக்கும்.

பிறகு ஸ்பீக்கர் உட்காரும் ரிங். கார் ஓட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் அளவு சேராதபோது ஒரு வளையம் வைப்பார்கள். எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையில் வெட்டியிருந்தால் சில மழைக்காலத்தில் ஊறி உப்பி, ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடும். கோன் முன்னால் போகும்போது ஃப்ரேமும் சேர்ந்து ஆடினால் பேஸ் எங்கிருந்து வரும்? ஸ்பீக்கர் ஃப்ரேமில் இரண்டு விரல் வைத்து டோனைப் போட்டுப் பாருங்கள். விரலில் லேசான அதிர்வு பரவாயில்லை, நகர்வு தெரியக் கூடாது. பிளாஸ்டிக் ரிங்கோ, பெயின்ட் அடித்த மரைன் பிளைவுட் ரிங்கோ போட்டு, இரும்புக்கும் ரிங்குக்கும் நடுவில் ஒன்று, ரிங்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒன்று என்று ஃபோம் டேப் சுற்றுங்கள். பேடை மூடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, மேக்னட்டில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பவை

சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் பார்சல் டிரேயை வெட்டி 6x9 ஓவல் ஸ்பீக்கர் வைப்பது ஒரு காலத்தில் எல்லோரும் செய்தது. சாமான் ஏற்றும்போதெல்லாம் டிரேயைக் கழற்றி மாட்டுவதால், அதற்குப் போகும் வயர் கப்ளருக்குப் பக்கத்திலேயே உள்ளுக்குள் அறுந்திருக்கும், மேல் ரப்பர் முழுசாகத் தெரியும். லேசாக இழுத்தால் அறுந்த இடத்தில் ரப்பர் மட்டும் நீளும். டிரே பலகை வளைந்து போயிருந்தாலோ, விளிம்பில் இடைவெளி விட்டிருந்தாலோ டிக்கிக் காற்றும் கேபின் காற்றும் கலந்து பேஸைத் தின்னும். விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டுங்கள், நடுவில் அடியிலிருந்து ஒரு கட்டை கொடுத்து டிரேயைக் கெட்டிப்படுத்துங்கள்.

இந்த இடத்து ஸ்பீக்கருக்கு இன்னொரு எதிரி வெயில். பின் கண்ணாடி வழியாக நாள் முழுக்க அடிக்கும். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமாக இருந்தால் சூட்டிலும் ஈரக்காற்றிலும் அது நாளடைவில் மக்கிப்போகும். ஜாலியை எடுத்து நகத்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மக்கிய ஃபோம் கறுப்புத் தூளாக விரலில் ஒட்டும், சில இடத்தில் பிளந்து உள்ளே வெளிச்சம் தெரியும். ரப்பர் வளையம் அதைவிட வெகுகாலம் தாங்கும், ஆனால் கோனோடு ஒட்டிய பசை விட்டுப்போகலாம். விட்ட இடத்தை ரப்பர் கம் வைத்து ஒட்டிவிடலாம். மக்கிய ஃபோமை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். வழவழவென்று போய் வர வேண்டும். மணல் உரசும் சத்தம் கேட்டால் காயில் தேய்கிறது. மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் காயில் ஷார்ட், அதை மேலும் ஓட்டினால் ஆம்ப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நல்ல மேக்னட் உள்ள பழைய ஸ்பீக்கரைத் தூக்கி எறியாதீர்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிட்சி தெருவில் விசாரித்தால் கோனும் காயிலும் ஃபோமும் மாற்றித் தருகிறவர்களைக் காட்டுவார்கள். ஒன்று கெட்டாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு குரலில் பேசும்.

பவர் போதுமா?

செட் பெட்டியில் 50 வாட்ஸ் பெருக்கல் 4 என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தனி ஆம்ப் இல்லாத செட் பேட்டரி வோல்டேஜை வைத்துத்தான் வேலை செய்கிறது. எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்றால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சமே 26 வாட்ஸ்தான். பேட்டரி தளர்ந்து 12 வோல்ட்டுக்கு இறங்கினால் அது 18. பேஸ் அடிதான் அதிகப் பவர் கேட்கும், அதனால் முதலில் சப்பையாகப் போவதும் அதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியில் பாருங்கள்: 12.6 முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 13.8-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

தனி ஆம்ப் இருந்தால் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள், அல்லது அடியில் துரு ஏறியிருக்கும். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்ப்பின் எர்த் ஸ்க்ரூவிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, லக் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஹோல்டருக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். மலிவு கிட்களில் வரும் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் செம்பைவிடக் குறைவாகத்தான் கரன்ட் கடத்தும், முனையும் சீக்கிரம் அரித்துப்போகும். அதே தடிமனில் முழுச் செம்பு வயர் போட்ட வண்டிகளில் அடியின் அழுத்தம் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஊஃபர் பெட்டி இருந்தால்

மூடிய பெட்டியாக இருந்தால் கோனை அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்க ஊதுபத்திதான் என் கருவி. 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, எரியும் ஊதுபத்தியை மூலை மூலையாகவும், வயர் நுழையும் பிளாஸ்டிக் கப்பைச் சுற்றியும், ஊஃபரின் ஃப்ரேமைச் சுற்றியும் கொண்டுபோங்கள். புகை நேராகப் போய்க்கொண்டிருந்து ஒரு இடத்தில் துடிக்கும், அங்கேதான் ஓட்டை. உள்பக்கமிருந்து சிலிக்கானோ மரப்பசையோ வைத்து அடைத்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள். கார்ப்பெட் துணிக்குக் கனல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் காயில் ஊஃபரில் ஒரு காயில் அறுந்தாலும் மற்றது பாடிக்கொண்டே இருக்கும், அதனால் கோளாறு தெரியாது. 4 ஓம் இரண்டும் பேரலலில் இருந்தால் ஆம்ப் முனையில் வயரைக் கழற்றி அளக்கும்போது 2 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். மூன்றுக்கு மேல் காட்டினால் ஒரு காயில் இணைப்பிலேயே இல்லை. இரண்டில் ஒன்று தலைகீழாகக் கொடுத்திருந்தால் ஓம் சரியாகக் காட்டும், ஆனால் கோன் அசையவே அசையாது.

எல்லாம் சரி, இன்னும் பேஸ் இல்லை

அப்போது செட் மேல் சந்தேகப்படலாம். வேலை செய்யும் இன்னொரு செட்டைக் கடனாக வாங்கி அதே கப்ளரில் மாட்டிக் கேளுங்கள். பேஸ் வந்தால் கோளாறு உங்கள் செட்டுக்குள். டேஷ்போர்டு சூட்டில் வருஷக்கணக்காக வெந்த செட்டில் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். ஒலி கடந்து போகும் பாதையில் இருக்கும் கபாசிட்டர் மதிப்பு இழந்தால் அடிமட்ட ஒலியைத்தான் முதலில் வெட்டும். 10 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 0.2 மட்டும் மிச்சம் என்று வையுங்கள். அடுத்த கட்டம் 10 கிலோ ஓம் என்றால் 80 ஹெர்ட்ஸிலிருந்தே கீழே சரிய ஆரம்பித்துவிடும். இதை மேஜையில் வைத்துச் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். பாகத்தின் விலை சில ரூபாய்தான், கூலிதான் செலவு. 105 டிகிரி என்று அச்சிட்ட கபாசிட்டரே போடச் சொல்லுங்கள், 85 டிகிரி வேண்டாம்.

ஸ்பீக்கர் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழையதைக் கழற்றிக் கையோடு சென்னை ஜி.பி. ரோட்டுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ எடுத்துப் போங்கள். ஸ்க்ரூ ஓட்டைகளின் தூரமும் மேக்னட்டின் ஆழமும் அங்கேயே ஒத்துப் பார்க்கலாம். தனி ஆம்ப் இல்லை என்றால் பெட்டியில் 'மேக்ஸ் வாட்ஸ்' பார்க்காதீர்கள், சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டு மாடலையும் ஒரே முறையில் அளந்திருந்தால், 3 டெசிபல் அதிகம் உள்ள ஸ்பீக்கர் அதே செட்டில் இரண்டு மடங்கு பவர் கொடுத்த அளவுக்குக் கேட்கும். வளையம் ரப்பரா, ஃபோமா என்று கேட்டு ரப்பரையே வாங்குங்கள். மாட்டும் முன் பென்சில் பேட்டரியால் புதுசையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.